எண்டோமெட்ரியோசிஸா, அடினோமயோசிஸா? அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு ஒரு விளக்கம்

கேள்வி சுருக்கமாக இது: அக்காவுக்கு வயது 36. சிசேரியனில் பிறந்த ஒரு குழந்தை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் சினைப்பையில் சாக்லேட் கட்டி என்று லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து, "எண்டோமெட்ரியோசிஸ்" என்றார்கள். இப்போது மாதவிலக்கில் ரத்தப்போக்கு மிக அதிகம், வலியும் கூடிவிட்டது. புது ஸ்கேனில் கர்ப்பப்பை பெருத்திருக்கிறது, "அடினோமயோசிஸ்" என்று எழுதியிருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். இரண்டும் ஒரே நோயா? முதலில் சொன்னது தவறா? எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? தங்கையான எனக்கும் வருமா?

முதலில் நேரடியான பதில்களைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே நோய் இல்லை, நெருங்கிய உறவுள்ள இரண்டு நோய்கள். முதலில் சொன்னது தவறாக இருக்கத் தேவையில்லை, ஒரே பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்து இருப்பது சகஜம். கர்ப்பப்பையை எடுத்தால் அடினோமயோசிஸ் முடிந்துவிடும், எண்டோமெட்ரியோசிஸ் முடியும் என்று சொல்ல முடியாது. இதனால்தான் அக்கா விஷயத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கக் கூடாது என்பேன்.

கர்ப்பப்பையின் சுவர் பெரும்பாலும் தடித்த தசை. அதன் உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. இதன் பெயர் எண்டோமெட்ரியம். மாதாமாதம் தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுவது இந்த உட்படலம்தான். இதே போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, அதாவது சினைப்பையிலோ, அடிவயிற்று உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் சவ்விலோ, கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலோ, குடல் மீதோ, சிறுநீர்ப்பை மீதோ வளர்ந்தால் அது எண்டோமெட்ரியோசிஸ். வெளியே போகாமல் கர்ப்பப்பையின் சொந்தத் தசைச் சுவருக்குள்ளேயே ஊடுருவி வளர்ந்தால் அடினோமயோசிஸ். திசு ஒன்றுதான், இடம் வேறு. ஆனால் அந்த இடமாற்றம் அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

வெளியே போன திசுவும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு மாதாமாதம் தடித்துக் கசியும். அந்த ரத்தத்துக்கு வெளியேற வழி கிடையாது. அங்கேயே அழற்சியை உண்டாக்கும், நாளடைவில் தழும்பாகும், பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். சினைப்பைக்குள் தேங்கும் பழைய ரத்தம் கெட்டியான பழுப்பு நிறக் குழம்பாக மாறுவதைத்தான் சாக்லேட் கட்டி என்கிறோம். தசைக்குள் புகுந்த திசு வேறு விதமாகத் தொல்லை கொடுக்கும். சுற்றியுள்ள தசை வீங்கித் தடிக்கும், கர்ப்பப்பை உருண்டு பெருக்கும். ரத்தப்போக்கை நிறுத்த அந்தத் தசைதான் இறுக வேண்டும், அது சரியாக இறுகாது. அதனால் ரத்தம் கொட்டும். கூடவே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் அதிகமாகச் சுரந்து இழுத்துப் பிடிக்கும் வலியைக் கொடுக்கும்.

இப்போது அறிகுறிகள். அடினோமயோசிஸில் முன்னால் நிற்பது ரத்தப்போக்கு. கட்டி கட்டியாகப் போவது, நாப்கினை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பது, மாதவிலக்கு எட்டுப் பத்து நாள் இழுப்பது, அடிவயிறு கனப்பது, படியேறினால் மூச்சு வாங்குகிற அளவுக்கு ரத்தசோகை. வலி பெரும்பாலும் நடு அடிவயிற்றில், ரத்தப்போக்கோடு சேர்ந்து வரும். இதெல்லாம் எதுவுமே இல்லாமல், வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிகிற அடினோமயோசிஸும் நிறைய உண்டு.

எண்டோமெட்ரியோசிஸில் முன்னால் நிற்பது வலி. ரத்தப்போக்கின் அளவு சாதாரணமாகவே இருக்கலாம். மாதவிலக்கு தொடங்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போதே வலி ஆரம்பிக்கும். தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் வலிக்கும். மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகிற வலி வரும், சில பேருக்குச் சிறுநீர் கழிக்கும்போதும். இந்தக் கேள்விகளை நான் கேட்டால் பெரும்பாலான பெண்கள் முதலில் தயங்குவார்கள். மலம் போகும்போது வலிப்பதை மகளிர் மருத்துவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, மூலத்துக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அக்காவிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். மாதவிலக்கு நாட்களில் மட்டும் மலம் கழிக்கையில் வலி வருகிறதா என்ற ஒரு கேள்வி, பல நேரம் ஒரு ஸ்கேன் சொல்லாததைச் சொல்லிவிடும்.

சிசேரியன் ஆனவர் என்பதால் இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். தையல் தழும்பில் சின்னக் கட்டி போலத் தட்டுப்பட்டு, மாதவிலக்கின்போது மட்டும் அது வீங்கி வலித்தால், தழும்பிலேயே எண்டோமெட்ரியோசிஸ் வளர்ந்திருக்கலாம். அடிக்கடி வருவதில்லை. ஆனால் குடலிறக்கம் என்றோ தையல் நூல் உறுத்துகிறது என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

வலியின் அளவை வைத்து நோயின் அளவைக் கணிக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எண்டோமெட்ரியோசிஸை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் இருப்பவர் தரையில் சுருண்டு கிடப்பார். நான்காம் நிலையில் இருப்பவர் குழந்தை இல்லை என்று பரிசோதனைக்கு வரும்போதுதான் விஷயமே தெரியவரும். அதனால் "ரிப்போர்ட்டில் கொஞ்சம்தான் இருக்கிறது, இவ்வளவு வலிக்காதே" என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

பழைய பாடப்புத்தகங்கள் இந்த இரண்டையும் வயதை வைத்துப் பிரித்தன. எண்டோமெட்ரியோசிஸ் என்றால் இளம் பெண், குழந்தை இல்லாதவர். அடினோமயோசிஸ் என்றால் நாற்பது தாண்டியவர், இரண்டு மூன்று பெற்றவர். இந்தப் பிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் இன்றைய குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டையும் ஒரே நோயாகத்தான் பார்த்தார்கள். 1860-ல் வியன்னாவில் கார்ல் ரோக்கிடான்ஸ்கி இத்தகைய திசுக்களை விவரித்தார். 1908-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் தாமஸ் கல்லன் கர்ப்பப்பைச் சுவருக்குள் உட்படலம் புகுவதை விரிவாகப் படம் போட்டுக் காட்டினார். 1920-களில்தான் பாதை பிரிந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் ஜான் சாம்ப்சன், மாதவிலக்கு ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போய், அதிலுள்ள திசு அங்கே ஒட்டி வளர்கிறது என்ற விளக்கத்தை முன்வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 1925-ல், ஆஸ்கர் ஃபிராங்கல் தசைச் சுவருக்குள் நடப்பதற்கு அடினோமயோசிஸ் என்று தனிப் பெயர் கொடுத்தார்.

பெயர் பிரிந்த பிறகு கண்டுபிடிக்கும் வழியும் பிரிந்தது. அன்று அடினோமயோசிஸை உறுதி செய்ய, எடுத்த கர்ப்பப்பையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டியிருந்தது. கர்ப்பப்பையை யாருக்கு எடுப்பார்கள்? நாற்பது தாண்டிய, குழந்தை பெற்று முடித்த பெண்களுக்கு. எண்டோமெட்ரியோசிஸை உறுதி செய்யும் வழியாகப் பின்னர் இருந்தது லேப்ராஸ்கோப்பி. அதை அதிகம் செய்தது குழந்தையின்மைக்காக வந்த இளம் பெண்களுக்கு. ஆக, யாரைப் பரிசோதித்தார்களோ அவர்களிடம்தான் அந்தந்த நோய் தெரிந்தது. நல்ல ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் வந்த பிறகு இருபதுகளில் இருக்கும் பெண்களிடமும், குழந்தையே பெறாதவர்களிடமும் அடினோமயோசிஸ் தெரிகிறது. பிரசவங்கள், கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி போன்றவை அடினோமயோசிஸ் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது இன்றும் நிற்கிறது. ஆனால் "உனக்கு 24 வயதுதான், அடினோமயோசிஸ் இருக்காது" என்று இப்போது யாரும் சொல்லக் கூடாது. அதேபோல "குழந்தை பெற்றவளுக்கு எண்டோமெட்ரியோசிஸ் வராது" என்பதும் நிற்காத பேச்சு.

சாம்ப்சனின் விளக்கமும் முழு விளக்கம் இல்லை. மாதவிலக்கு ரத்தம் கொஞ்சம் பின்னோக்கிப் போவது பத்தில் ஒன்பது பெண்களுக்கு நடக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் வருவதோ, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதத்துக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு. மீதிப் பேருக்கு ஏன் வரவில்லை என்பதற்கு உடலின் எதிர்ப்பு சக்தி, பரம்பரை, அந்தத் திசுவின் தன்மை என்று பல காரணங்கள் சேர்கின்றன. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "நான் என்ன தப்பு செய்தேன்? மாதவிலக்கு நாளில் தலைக்குக் குளித்ததாலா? கனமான குடம் தூக்கியதாலா?" என்று கேட்டு அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அக்கா செய்த எதனாலும் இது வரவில்லை.

சரி, பரிசோதனைக்கு வருவோம். மருத்துவர் கையால் பரிசோதிப்பதிலேயே துப்பு கிடைக்கும். அடினோமயோசிஸ் கர்ப்பப்பை உருண்டையாக, சற்று மெத்தென்று, அழுத்தினால் வலிப்பதாக இருக்கும், ஆனால் அசையும். எண்டோமெட்ரியோசிஸ் முற்றினால் கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும், அசைத்தால் வலிக்கும், பின்னால் சின்ன முடிச்சுகள் தட்டுப்படும். பரிசோதனையே செய்யாமல் ஸ்கேன் பேப்பரை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் இது எதுவும் தெரியாமல் போகும்.

அடுத்தது ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட, பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் டி.வி.எஸ். ஸ்கேன் இந்த இரண்டு நோய்களுக்கும் மிகத் தெளிவானது. அடினோமயோசிஸில் முன்சுவரும் பின்சுவரும் சமமில்லாமல் ஒன்று மட்டும் தடித்திருக்கும். தசைக்குள் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் தெரியும், விசிறி விரித்தது போன்ற நிழல் கோடுகள் விழும், உட்படலத்துக்கும் தசைக்கும் நடுவிலுள்ள எல்லை மங்கியோ அறுந்தோ இருக்கும். இவற்றை எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று 2015-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று வரையறை கொடுத்து, 2022-ல் திருத்தியது. தசைக்குள் குமிழி, உட்படலத்திலிருந்து தசைக்குள் நீளும் மொட்டு போன்றவை நேரடி அடையாளங்கள். கர்ப்பப்பை பெருத்திருப்பது, சுவர் தடித்திருப்பது எல்லாம் மறைமுக அடையாளங்கள்தான்.

அக்காவின் ரிப்போர்ட்டை எடுத்து இந்த இடத்தில் ஒருமுறை படித்துப் பாருங்கள். வெறுமனே "பல்க்கி யூட்டரஸ்" என்று மட்டும் இருந்தால் அது நோயின் பெயர் ஆகாது, கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். குழந்தை பெற்றவரின் கர்ப்பப்பை பெறாதவருடையதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்து பயந்து அறுவை சிகிச்சை வரைக்கும் போனவர்கள் நம் ஊரில் நிறைய. மேலே சொன்ன நேரடி அடையாளங்களில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கர்ப்பப்பை பெருக்க இன்னொரு பெரிய காரணம் ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைத் தசையில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி. இதற்கும் அடினோமயோசிஸுக்கும் குழப்பம் ரொம்பவே வரும், ஏனென்றால் அடினோமயோசிஸ் ஓரிடத்தில் மட்டும் திரண்டு கட்டி போலவும் இருக்கும். ஃபைப்ராய்டுக்குச் சுற்றிலும் ஓர் எல்லை உண்டு, பலாச்சுளைக்குள் இருக்கும் கொட்டையைப் போல அறுவை மருத்துவர் அதைத் தனியாக உருவி எடுத்துவிட முடியும். அடினோமயோசிஸுக்கு அப்படி எல்லை கிடையாது, நல்ல தசையும் நோயுற்ற தசையும் கலந்தே இருக்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் ஃபைப்ராய்டைச் சுற்றி ரத்தக் குழாய்கள் ஓடும், அடினோமயோசிஸில் ஊடுருவி ஓடும். ஃபைப்ராய்டு என்று நினைத்து வயிற்றைத் திறந்து, எடுக்க எல்லையே இல்லாமல் திண்டாடுவது அறுவை அரங்கில் நடக்கிற விஷயம். அதனால் இந்த வேறுபாடு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

எண்டோமெட்ரியோசிஸுக்கு ஸ்கேனில் தேடுவது வேறு. சினைப்பையில் தேய்த்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும் சாக்லேட் கட்டி, இரண்டு சினைப்பைகளும் கர்ப்பப்பைக்குப் பின்னால் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டிருப்பது, மலக்குடலும் கர்ப்பப்பையும் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி நகராமல் ஒட்டியிருப்பது. இந்த வழுக்கு நகர்வைச் சோதிக்க ஸ்கேன் கருவியால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும், அதற்குப் பழகியவர் வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிக்கிற ஸ்கேனில் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். சவ்வின் மேல் புள்ளி புள்ளியாகப் படிந்திருக்கும் மேலோட்டமான எண்டோமெட்ரியோசிஸ் எந்த ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்பதை "எண்டோமெட்ரியோசிஸ் இல்லை" என்று படிக்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை. ஸ்கேனில் தெளிவு இல்லாதபோது, அறுவை சிகிச்சைக்குத் திட்டமிடும்போது, குடல் பாதித்திருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்போது அது மிகவும் உதவும். அடினோமயோசிஸுக்கு அதில் பார்ப்பது, உட்படலத்தை ஒட்டியுள்ள தசை அடுக்கின் தடிமன். 12 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். மாதவிலக்கு நாட்களில் இந்த அடுக்கு இயல்பாகவே தடித்துத் தெரியும் என்பதால் அந்த நாட்களைத் தவிர்த்து எடுப்பது நல்லது. அக்கா விஷயத்தில், ஏற்கனவே சாக்லேட் கட்டி இருந்தவர், இப்போது கர்ப்பப்பையை எடுக்கும் பேச்சு நடக்கிறது என்பதால், எம்.ஆர்.ஐ.க்குச் செலவு செய்வது வீண் இல்லை என்பது என் கருத்து.

ரத்தப் பரிசோதனையில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. சினைப்பைப் புற்றுநோய்க்காகவும் பார்க்கும் சி.ஏ.125 என்ற ரத்த அளவு கூடியிருக்கிறது என்று பயந்துபோய் வருகிறார்கள், புற்றுநோயோ என்று. அது எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும், அடினோமயோசிஸிலும் கூடும், ஃபைப்ராய்டிலும், மாதவிலக்கு நாட்களிலும், நம் நாட்டில் இன்னும் ஒழியாத வயிற்றுக் காசநோயிலும் கூடும். அந்த ஓர் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனை ஹீமோகுளோபினும் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும்தான். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதைச் சரிசெய்வதற்கு எந்த நோய் என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி செய்து கண்ணால் பார்த்தால்தான் எண்டோமெட்ரியோசிஸ் உறுதி என்றிருந்தது. 2022-ல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை மாற்றியது. அறிகுறிகளும் ஸ்கேனும் பொருந்தி வந்தால் மருந்தை ஆரம்பிக்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலோ, மருந்துக்குக் கேட்காமலோ இருந்தால் லேப்ராஸ்கோப்பிக்குப் போகலாம். வலி தொடங்கியதற்கும் நோயின் பெயர் தெரிவதற்கும் நடுவில் பல ஆண்டுகள் போய்விடுகிற நோய் இது, அதனால் இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

அந்த ஆண்டுகள் எங்கே போகின்றன என்பதற்கு நம் வீடுகளிலேயே பதில் இருக்கிறது. "எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதான், பொறுத்துக்கோ" என்று பள்ளி நாட்களில் சொல்வார்கள். அப்புறம் "கல்யாணம் ஆனா சரியாயிடும்". அதன்பின் "ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்". கர்ப்ப காலத்தில் மாதவிலக்கு நிற்பதால் வலி தற்காலிகமாகக் குறையலாம், ஆனால் கர்ப்பம் எண்டோமெட்ரியோசிஸுக்கு மருந்து ஆகாது. நோயைக் குணப்படுத்துவதற்காக மட்டும் கர்ப்பம் தரிக்கச் சொல்லக் கூடாது என்று மேலே சொன்ன அதே வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. திருமணமாகாத பெண்களுக்கு டி.வி.எஸ். செய்ய நம் ஊரில் தயங்குவதால், வயிற்றின் மேல் ஸ்கேன் மட்டும் எடுத்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆசனவாய் வழி ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கலாம், இல்லாவிட்டால் அறிகுறிகளை நம்பியே மருந்து ஆரம்பிக்கலாம். மாதவிலக்கால் ஒவ்வொரு மாதமும் கல்லூரிக்குப் போக முடியாத பெண்ணுக்கு ஸ்கேன் சாட்சி சொன்னால்தான் மருந்து என்று சொல்வது நியாயம் இல்லை.

சிகிச்சையில் ஆரம்பப் படிகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வலிக்கு மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரை, வலி உச்சத்துக்குப் போன பிறகு போடாமல் தொடங்கும்போதே போட வேண்டும். ஹார்மோன்களில் கருத்தடை மாத்திரை, அல்லது டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் தினமும். டைனோஜெஸ்ட் ஆரம்பித்த முதல் சில மாதங்களில் ஒழுங்கில்லாத கசிவு வரும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள், கொஞ்சம் பொறுத்தால் பெரும்பாலும் அடங்கும். ரத்தப்போக்குக்கு டிரானெக்ஸாமிக் அமிலம், போக்கு இருக்கும் நாட்களில் மட்டும். முன்பு ரத்தம் உறைந்து கட்டிய வரலாறு இருப்பவர்களுக்கு இது கூடாது. சினைப்பையைத் தற்காலிகமாக உறங்கவைக்கும் ஊசிகளும் உண்டு, எலும்பு தேயும் என்பதால் துணை ஹார்மோன் இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் போடுவதில்லை.

அடினோமயோசிஸுக்கு நான் மிகவும் மதிக்கிற சிகிச்சை, லெவோநார்ஜெஸ்ட்ரெல் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடும் கர்ப்பப்பைச் சாதனம். மிரெனா என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். மருந்து நேராக நோய் இருக்கும் இடத்திலேயே வேலை செய்யும், ரத்தப்போக்கை வெகுவாகக் குறைக்கும், பல ஆண்டுகள் உள்ளேயே இருக்கலாம். "காப்பர் டி போட்டு எனக்கு ரத்தப்போக்கு அதிகமாச்சு, இதுவும் அப்படித்தானே" என்று கேட்பார்கள். காப்பர் டி ரத்தப்போக்கைக் கூட்டக்கூடியது, இது குறைப்பது. கர்ப்பப்பை ரொம்பப் பெருத்திருந்தால் சாதனம் தானாக நழுவி வந்துவிட வாய்ப்பு இருக்கிறது, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கர்ப்பப்பை ரத்தக் குழாயை அடைப்பது, செறிவூட்டிய ஒலி அலையால் திசுவைச் சுடுவது போன்ற வழிகளும் பெரிய மையங்களில் இருக்கின்றன.

இப்போது அந்தப் பெரிய கேள்வி. கர்ப்பப்பையை எடுப்பது அடினோமயோசிஸுக்கு முழுத் தீர்வு, அதில் சந்தேகமில்லை. நோய் முழுக்க அந்த உறுப்பின் சுவருக்குள்தான் இருக்கிறது, உறுப்பு போனால் அதுவும் போய்விடும். எண்டோமெட்ரியோசிஸ் அதற்கு வெளியே இருக்கிற நோய். கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு, மலக்குடலுக்கு முன்னால் இருக்கும் முடிச்சையும் சவ்வில் இருக்கும் படிவுகளையும் அப்படியே விட்டுவிட்டால், மாதவிலக்கு நிற்கும், வலி நிற்காமல் போகலாம். எல்லாம் எடுத்தாச்சு, அப்புறமும் ஏன் வலிக்கிறது என்று வந்து நிற்பவரிடம் பதில் சொல்வது மிகக் கடினம். அக்காவுக்கு அறுவை சிகிச்சை தேவை என்றே முடிவானாலும், எண்டோமெட்ரியோசிஸையும் அதே நேரத்தில் தேடி அகற்றத் தெரிந்தவரிடம்தான் செய்ய வேண்டும். "சினைப்பையையும் சேர்த்தே எடுத்துவிடலாம்" என்று பேச்சு வந்தால் அங்கே நிறுத்திக் கேளுங்கள். 36 வயதில் இரண்டு சினைப்பையையும் எடுத்தால் மறுநாளே மெனோபாஸ். எலும்பு, இதயம், தூக்கம், மனநிலை எல்லாவற்றையும் அது பாதிக்கும், ஆண்டுக்கணக்கில் ஹார்மோன் மாற்று சிகிச்சை தேவைப்படும்.

தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பது நம் நாட்டில் கற்பனைப் பயம் இல்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்தவை உச்ச நீதிமன்றம் வரை போய், மத்திய அரசு தயாரித்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அக்காவின் மருத்துவர் தவறான எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. மருந்தோ சாதனமோ முயன்று பார்த்தாயிற்றா, எண்டோமெட்ரியோசிஸ் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்தாயிற்றா, இன்னொரு குழந்தை வேண்டுமா என்று அக்காவையும் கணவரையும் கேட்டாயிற்றா, இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் எந்த அவமரியாதையும் இல்லை.

இன்னொரு குழந்தை வேண்டும் என்றால் கணக்கே மாறும். மேலே சொன்ன ஹார்மோன் மருந்துகள் எல்லாமே கருத்தரிப்பைத் தடுப்பவை. எண்டோமெட்ரியோசிஸ் கருக்குழாயை ஒட்டவைத்தும், சினைமுட்டையைப் பாதித்தும் தொல்லை தரும். அடினோமயோசிஸ், கரு வந்து ஒட்டுவதைக் கடினமாக்கும், கருச்சிதைவு, குறைமாதப் பிரசவ வாய்ப்பைக் கூட்டும். சாக்லேட் கட்டி திரும்ப வந்திருந்தால், மறுபடி மறுபடி அறுவை சிகிச்சை செய்வது நல்ல முட்டைகளின் இருப்பையும் சேர்த்துக் குறைக்கும். அதனால் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்து, கருத்தரிப்பு நிபுணரிடம் பேசிய பிறகே கட்டியில் கை வைக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. "எண்டோமெட்ரியம் தடித்திருக்கிறது" என்று சில ரிப்போர்ட்டுகளில் வரும். அது மேலே சொன்ன இரண்டும் இல்லை, உட்படலமே அளவுக்கு மீறி வளர்வது. அதில் சில வகைகள் புற்றுநோயாக மாறக்கூடியவை. 45 தாண்டியவருக்கோ, உடல் பருமன், நீர்க்கட்டி பிரச்சினை உள்ளவருக்கோ ரத்தப்போக்கு அதிகமானால், அடினோமயோசிஸ் என்று பெயர் வைத்து மருந்து கொடுப்பதற்கு முன் உட்படலத்தில் கொஞ்சம் திசு எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

அக்காவிடம் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டிய நேரங்களும் உண்டு. மணிக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து நனைந்தால், தலைசுற்றி விழுந்தால், காய்ச்சலோடு திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வந்தால், நாள் தள்ளிப்போன பிறகு வலியும் கசிவும் சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. உடன்பிறந்தவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான், ஆனால் கட்டாயம் வரும் என்று இல்லை. எந்தத் தொல்லையும் இல்லாவிட்டால் இதற்காக ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. மாதவிலக்கு வலி மாத்திரைக்கு அடங்காமல் வேலைக்கு லீவு போட வைத்தால், உறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வலித்தால், ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால் போய்ப் பாருங்கள். 35 தாண்டியிருந்தால் அந்த ஒரு வருடத்தை ஆறு மாதமாக எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது மூன்று மாதத்துக்கு எந்த நாளில் எங்கே வலித்தது, எத்தனை நாப்கின் ஆனது என்று போனிலேயே குறித்துக்கொண்டு போங்கள். "அக்காவுக்கு எண்டோமெட்ரியோசிஸ், இப்போது அடினோமயோசிஸும் இருக்கிறது" என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.